மாடு செத்தால் எங்கே போகிறது? ஆதிச்சநல்லூர் தாழிகள் சொல்லும் கணக்கு

போன ஐப்பசியில் எங்கள் வீட்டு மயிலைக்காளை செத்துப்போனது. பதினேழு வருசம் எங்களோடு இருந்த மாடு. வாழைக்கு உழுதது, நெல்லுக்குத் தொளி கலக்கியது, கடைசி மூன்று வருசம் சும்மா நின்று சாணமும் கோமியமும் கொடுத்தது. விடியக்காலம் தொழுவத்தில் கால் நீட்டிக் கிடந்ததைப் பார்த்து என் மனைவி சத்தம் போட்டாள்.

எட்டு மணிக்கெல்லாம் பக்கத்து வயல்காரர் வந்துவிட்டார். "அண்ணாச்சி, லாரிக்காரன்ட்ட சொல்லிட்டேன். அவனே வந்து தூக்கிட்டுப் போயிருவான். தோலுக்கு ஏதோ தாரேங்கான். வாங்கிட்டு வேலையப் பாருங்க" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஊரில் இப்போது எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் என் அப்பா காலத்தில் செத்த மாட்டை வயல் ஓரத்தில் புதைத்து, அதன் மேல் தென்னை வைப்பார்கள். எங்கள் தோட்டத்து மூலையில் அப்படி நிற்கிற தென்னை ஒன்று உண்டு. அதை இன்றும் "செவலை மரம்" என்றுதான் சொல்கிறோம்.

லாரியா, குழியா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றபோது ஞாபகத்துக்கு வந்தது ஆதிச்சநல்லூர். எங்கள் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் அரைமணி நேரம். அங்கே பார்த்ததையும், அதன்பின் தேடிப் படித்ததையும், கடைசியில் மயிலையை என்ன செய்தேன் என்பதையும் இந்தக் கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன். செத்தவரோடு விலங்கையும் விளைச்சலையும் அனுப்பிய பழைய வழக்கத்தில், நம்மைப் போன்ற இயற்கை விவசாயிகள் கவனிக்க வேண்டிய சங்கதி நிறைய இருக்கிறது.

பறம்பில் என்ன இருக்கிறது?

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். சாலையின் இரு பக்கமும் சரளையும் வெள்ளைக்கல்லும் கலந்த மேடு. 114 ஏக்கர். ஊர்க்காரர்கள் 'பறம்பு' என்பார்கள். சுற்றிலும் நெல்லும் வாழையும் விளைகிற ஆற்றுப் படுகை. நடுவில் ஒன்றும் விளையாத அந்த மேட்டைத்தான் அந்தக் காலத்து மக்கள் செத்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல நிலத்தில் ஒரு குழிகூடத் தோண்டவில்லை. விளைகிற மண்ணுக்கு அவர்கள் வைத்திருந்த மரியாதை இதிலேயே தெரிகிறது.

1876இல் பெர்லினைச் சேர்ந்த ஜாகோர் இங்கே தோண்டிப் பொருள்களை ஜெர்மனிக்கு எடுத்துப் போனார். அடுத்து 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ பெரிய அளவில் அகழாய்வு செய்தார். அதற்கு நூறு வருசம் கழித்து, 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகள் கிடைத்தன. 2021இல் திரும்பவும் பணி தொடங்கி, 2023இல் தோண்டிய குழிகளின் மேலேயே கண்ணாடித் தரை போட்டு அருங்காட்சியகமாக்கினார்கள். கண்ணாடியில் நின்று குனிந்தால் காலுக்குக் கீழே தாழி தெரியும். வாய்ப்பு இருக்கிறவர்கள் பிள்ளைகளோடு ஒருமுறை போய் வாருங்கள்.

தாழி என்றால் ஆள் குந்தி உட்காரும் அளவுக்குப் பெரிய மண்பானை. அதில் உடலையோ எலும்புகளையோ வைத்து, பக்கத்தில் சின்னச் சின்னக் கலயங்களை வைத்து மூடியிருக்கிறார்கள். கலயங்களுக்குள் நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்ததை ரீ குறித்திருக்கிறார். இரும்பு வாள், ஈட்டி எல்லாம் முனை கீழே பார்த்தபடி மண்ணில் குத்தியிருந்தன. துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்றாகக் குத்திவிட்டுப் போனதுபோல இருந்ததாக அவர் எழுதுகிறார்.

நமக்கு முக்கியமானது வெண்கலப் பொருள்கள். அவற்றில் விலங்கு உருவங்கள் இருக்கின்றன. வீட்டு விலங்குகளில் எருமை, ஆடு, சேவல். காட்டு விலங்குகளில் புலி, மான், யானை. பறக்கிற பறவைகளும் உண்டு. 2004-05 அகழாய்வில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் ஒரு பெண், நெற்கதிர், கொக்கு, மான், முதலை எல்லாம் மண்ணால் ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. அறுப்புக்கு நிற்கிற வயல், வரப்பில் கொக்கு, ஆற்றில் முதலை. முதலையைத் தவிர மற்றதெல்லாம் இன்றைக்கும் எங்கள் வயலில் பார்க்கிற காட்சிதான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிவகளை. அங்கே தாழிக்குள்ளிருந்த மண்ணோடு நெல் உமி கிடைத்தது. அதை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் காலம் கி.மு. 1155 என்று வந்தது. 2021 செப்டம்பரில் சட்டமன்றத்திலேயே இதை அறிவித்தார்கள். ஏறத்தாழ 3200 வருசத்துக்கு முன்னால் பொருநைக் கரையில் நெல் விளைந்திருக்கிறது. அந்த நெல்லைச் செத்தவருக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு நாம் வாய்க்கரிசி போடுகிறோமே, அது இதே எண்ணம்தான்.

உருவமா, உயிரா?

ஆதிச்சநல்லூரில் விலங்கின் உருவத்தை வைத்தார்கள். வேறு இடங்களில் விலங்கையே அனுப்பியிருக்கிறார்கள்.

நீலகிரியில் பழைய கல்வட்டங்களுக்குள் எரித்த மனித எலும்புகள் பானைகளில் கிடைத்தன. அந்தப் பானைகளின் மூடியில் மண்ணால் செய்த எருமைகள். 1870களில் பிரீக்ஸ் இவற்றைத் தோண்டிப் பதிவு செய்தார். அதே மலையில் வாழும் தோடர்கள் செத்தவரை எரிப்பவர்கள். சாவுச் சடங்கில் எருமையைப் பலி கொடுத்து, அது செத்தவரோடு மறுஉலகம் போகும் என்று நம்பினார்கள். 1906இல் வெளிவந்த ரிவர்ஸின் நூலில் இந்தச் சடங்கு விரிவாக இருக்கிறது. எருமையை நம்பி வாழ்ந்தவருக்கு எருமை இல்லாத மறுஉலகம் எப்படி உலகமாகும்?

மகாராஷ்டிரத்தில் விதர்பா பக்கம் மாகுர்ஜரி, நைகுண்ட் போன்ற இடங்களில் இரும்புக்காலக் கல்வட்டங்களுக்குள் குதிரை எலும்புகளும் குதிரைக்குப் போடும் செம்பு அணிகளும் கிடைத்தன. நம் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவர் காலத்தது. வீரனோடு அவன் நாயும் கல்லில் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்று எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். நாய்க்குப் பெயர் சொல்லிக் கல் நட்ட ஊர் நம்முடையது.

இன்னும் தள்ளிப் போனால் இங்கிலாந்து. நார்ஃபோக் பகுதியில் ஸ்பாங் ஹில் என்று ஒரு இடம். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டை ஒட்டி அங்கே குடியேறிய ஆங்கிலோ-சாக்சன் மக்கள் செத்தவர்களை எரித்து, எலும்பைப் பொறுக்கிப் பானையில் போட்டுப் புதைத்தார்கள். 1972 முதல் 1981 வரை அந்தச் சுடுகாட்டை முழுசாகத் தோண்டினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எரித்த அடக்கங்கள். ஒவ்வொரு எலும்புத் துண்டையும் கையில் எடுத்துப் பார்த்ததில், பாதிக்குச் சற்றுக் குறைவான அடக்கங்களில் மனித எலும்போடு விலங்கு எலும்பும் கலந்திருந்தது. குதிரையும் ஆடும் அதிகம். மாடு, பன்றி, நாயும் உண்டு. சில பானைகளில் கரடி நகம். கரடித்தோலில் படுக்க வைத்து எரித்ததன் அடையாளம் அது.

இதில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். ஆடு பெரும்பாலும் இறைச்சித் துண்டாகப் போயிருக்கிறது. வழிக்குச் சோறு. குதிரையோ தலை, கால், உடம்பு என்று முழுசாகச் சிதையில் ஏறியிருக்கிறது. அது உணவு இல்லை, துணை. ஒரு மனிதரை எரிக்கவே எவ்வளவு விறகு வேண்டும் என்பது நமக்குத் தெரியும். ஒரு குதிரையையும் சேர்த்து எரிக்க ஒரு தோப்பையே வெட்ட வேண்டியிருந்திருக்கும். அந்தச் செலவைப் பார்த்தாலே விலங்கின் மதிப்பு புரிந்துவிடும்.

ஊரில் கிடைக்கும் எலும்புக்கும் அடக்கத்தில் கிடைக்கும் எலும்புக்கும் இதுதான் வித்தியாசம். கீழடியில் மாடு, எருமை, ஆடு, காட்டுப்பன்றி, மயில் எலும்புகள் கிடைத்தன. அது வாழ்ந்த ஊர். சமையலில் மிஞ்சியதும் தொழுவத்தில் செத்ததும் அங்கே கலந்து கிடக்கும். அடக்கத்தில் கிடக்கிற எலும்பு அப்படி இல்லை. ஒருவர் யோசித்து, "இது இவரோடு போகட்டும்" என்று தேர்ந்தெடுத்து வைத்தது.

சுட்ட எலும்பு ஏன் மிஞ்சுகிறது?

காடாத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். மறுநாள் பாலைத் தெளித்து எலும்பைப் பொறுக்கும்போது சில துண்டு கருப்பாக இருக்கும், சில துண்டு சாம்பல் நிறம், சில துண்டு சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. இது சூட்டின் கணக்கு. 300 டிகிரி வாக்கில் எலும்பு கருகும். 600 டிகிரியை நெருங்கும்போது சாம்பலும் நீலமும் கலந்த நிறம். அதைத் தாண்டினால் வெள்ளை. வெள்ளையான எலும்பு சுருங்கும், குறுக்கே வெடிக்கும், தட்டினால் ஓட்டுச் சத்தம் கேட்கும். பச்சைப் பானைக்கும் சூளையில் வெந்த பானைக்கும் உள்ள வித்தியாசம் இதிலும் உண்டு.

பச்சை எலும்பில் இரண்டு பாகம். ஒன்று புரதம். இன்னொன்று சுண்ணாம்பும் மணிச்சத்தும் சேர்ந்த தாது. மண்ணில் புதைத்தால் நுண்ணுயிர்கள் புரதத்தைத் தின்னும். அமிலம் உள்ள மண்ணாக இருந்தால் தாதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும். நன்றாக வெந்த எலும்பில் புரதம் எரிந்து போய்விடுகிறது. தாது இறுகிவிடுகிறது. அதனால்தான் ஆயிரத்தைந்நூறு வருசம் கழித்தும் இங்கிலாந்து மண்ணில் குதிரை எலும்பைக் குதிரை என்று சொல்ல முடிகிறது.

இதிலிருந்து நமக்குப் பயன்படுகிற பாடங்கள் மூன்று.

ஒன்று, எலும்புத்தூள் எல்லா மண்ணிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. அமிலத்தன்மை உள்ள செம்மண்ணில் சீக்கிரம் கரைந்து பயிருக்குக் கிடைக்கும். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் மாதிரிக் காரத்தன்மை உள்ள மண்ணில் சும்மா தூவினால் வருசக்கணக்கில் அப்படியே கிடக்கும். கரிசல்காரர்கள் அதைத் தொழுஉரத்தோடோ மக்கு உரத்தோடோ கலந்து, பாஸ்போ பாக்டீரியா சேர்த்து, ஈரத்தில் சில வாரம் மூட்டம் போட்டு வைத்துப் பிறகு இடுவது நல்லது.

இரண்டு, எலும்பை எரித்துப் போடாதீர்கள். எரித்தால் தழைச்சத்து போய்விடும். மணிச்சத்தும் இறுகிக் கரைய மறுக்கும். தொல்லியல்காரருக்கு அது லாபம், விவசாயிக்கு நட்டம். நீராவியில் வேக வைத்து அரைத்த எலும்புத்தூள்தான் நமக்கு ஏற்றது. அதில் மணிச்சத்து 25 சதவீதத்துக்கு மேலே இருக்கும்.

மூன்று, மணிச்சத்து காற்றிலிருந்து வராது. தழைச்சத்தைப் பயறு வகைகள் காற்றிலிருந்து பிடித்துக் கொடுக்கும். மணிச்சத்துக்கு அந்த வழி கிடையாது. மண்ணில் இருப்பது பயிருக்குப் போகிறது, பயிரிலிருந்து மாட்டுக்கும் மனிதருக்கும் போகிறது. திரும்பி வந்தால்தான் உண்டு.

கப்பலில் வருவதும் லாரியில் போவதும்

எங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை யோசித்தால் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. அந்தக் காலத்தில் கொற்கைத் துறையிலிருந்து முத்து வெளியே போனது. 1968-69இல் கொற்கையில் தோண்டியபோது சங்கு அறுத்த துண்டுகள் கிடைத்தன. கடல் விலங்கின் ஓட்டை வளையலாக்கி விற்ற ஊர் அது. இப்போது கடல் கொற்கையை விட்டு ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. துறைமுகம் தூத்துக்குடிக்கு வந்துவிட்டது. அந்தத் துறைமுகத்தில் இறங்குகிற சரக்குகளில் ராசாயன உரமும் ராக் பாஸ்பேட்டும் உண்டு. நம் நாட்டுக்கு வேண்டிய மணிச்சத்து மொராக்கோ, ஜோர்டான், எகிப்து என்று எங்கிருந்தெல்லாமோ கப்பலேறி வருகிறது. அதே நாளில் நம் தொழுவத்து மணிச்சத்து லாரியில் ஏறி ஊரைவிட்டுப் போகிறது.

கணக்கைப் பெரிதாக்கிச் சொல்லவும் கூடாது. 350 கிலோ எடையுள்ள காளையின் உடம்பில் சுமார் இரண்டரை கிலோ பாஸ்பரஸ் இருக்கும். அதில் 80 சதவீதம் எலும்பில். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை ஒன்றில் சுமார் 10 கிலோ பாஸ்பரஸ். ஆக, ஒரு காளை கால் மூட்டை டி.ஏ.பி.க்குச் சமம். அவ்வளவுதான். செத்த மாட்டை வைத்து நிலத்தை வளமாக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உயிரோடு இருந்த பதினேழு வருசமும் அது போட்ட சாணத்தில்தான் பெரிய வளம் இருக்கிறது. கர்நாடகத்தில் குடதினி, தெலங்கானாவில் உட்னூர் போன்ற இடங்களில் பெரிய சாம்பல் மேடுகள் இருக்கின்றன. நாலாயிரம் வருசத்துக்கு முன்னால் மாட்டுப்பட்டிகளில் குவிந்த சாணத்தை எரித்ததால் உண்டானவை. உட்னூரில் மாட்டுக் குளம்பின் தடம்கூடப் பதிந்து கிடந்தது. உரமாகாமல் எரிந்துபோன அந்தச் சாணத்தைப் பற்றிப் படித்தபோது, விவசாயியாக எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

இருந்தாலும் அந்தக் கால் மூட்டை என் நிலத்தின் சொத்து. என் வயல் வைக்கோலிலிருந்தும் வரப்புப் புல்லிலிருந்தும் மயிலை சேர்த்து வைத்தது. அதை வெளியே அனுப்ப எனக்கு உரிமை இல்லை என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

புதைப்பதானால் எப்படி?

பக்கத்து வயல்காரரிடம் லாரி வேண்டாம் என்று சொன்னேன். "உங்க இஷ்டம் அண்ணாச்சி" என்றவர், கொஞ்ச நேரத்தில் மண்வெட்டியோடு திரும்பி வந்தார். நான்கு பேர் சேர்ந்து குழி தோண்டினோம். நீங்களும் செய்வதானால் இவற்றைக் கவனியுங்கள்.

முதலில், மாடு எதனால் செத்தது என்று தெரிய வேண்டும். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் கருஞ்சிவப்பாக உறையாத ரத்தம் வடிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். தொடவே கூடாது. அறுக்கவும் தோலுரிக்கவும் கூடாது. உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்தக் கிருமி வித்தாகி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். அப்படிப்பட்ட மாட்டை மருத்துவர் சொல்கிற இடத்தில், சொல்கிற விதத்தில்தான் புதைக்க வேண்டும். அதன் மேல் மரமும் வேண்டாம், மேய்ச்சலும் வேண்டாம்.

வயதாகிச் செத்த மாடு என்றால், கிணறு, போர், வாய்க்காலுக்குத் தூரமாக மேட்டு நிலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆறடிக்குக் குறையாத ஆழம் வேண்டும். தண்ணீர் ஊறுகிற இடம் ஆகாது. உடலின் மேலும் கீழும் சுண்ணாம்பு தூவுங்கள். எங்கள் பக்கம் சிப்பிச் சுண்ணாம்பு கிடைக்கும். மண்ணைக் குவித்து மூடி, நாய் தோண்டாதபடி முள் போடுங்கள்.

வைத்தியத்துக்கு என்ன மருந்து போட்டோம் என்பதையும் யோசிக்க வேண்டும். டைக்ளோபினாக் ஊசி போட்ட மாட்டைத் தின்றுதான் நம் நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். செத்த மாட்டை வெட்டவெளியில் போட்டால் கழுகு வந்து சுத்தம் செய்த காலம் போய்விட்டது. இப்போது வெளியே போட்டால் தெருநாய்தான் பெருகும்.

தாழி கண்ணில் பட்டால்

இன்னொரு முக்கியமான விசயம். பொருநைக் கரையில் மட்டும் இல்லை, தமிழ்நாட்டில் எங்கே மேட்டு நிலத்தைத் தோண்டினாலும் தாழி தென்படலாம். ஜே.சி.பி. ஓட்டுகிறவர் "பழைய பானை" என்று உடைத்துத் தள்ளிவிடுவார். உள்ளே தங்கம் இருக்கும் என்று தேடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சிவகளையில் 3200 வருசத்துக் கணக்கைச் சொன்னது தங்கம் இல்லை, தாழிக்குள் இருந்த மண்ணும் உமியும். அந்த மண்ணைக் கொட்டிவிட்டால் எல்லாம் போச்சு. விதை, எலும்பு, சாம்பல் எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

வேலையை நிறுத்திவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். 1878ஆம் வருசத்துப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் எடுத்துக்கொள்வதுதான் குற்றம்.

மயிலையைப் புதைக்கக் குழி தோண்டியபோது நாலடியில் ஒரு கருப்பு-சிவப்பு ஓட்டுத் துண்டு வந்தது. தாழி இல்லை, ஏதோ கலயத்தின் விளிம்பு. நாலு பேரும் ஒரு நிமிசம் அப்படியே நின்றோம். குழியைப் பத்தடி தள்ளி மாற்றினோம். ஓடு கிடைத்த இடத்தை மூடி, ஒரு கல்லை அடையாளம் வைத்து, மறுநாள் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மயிலையை இறக்கும்போது பக்கத்து வயல்காரர் யாரும் சொல்லாமலே தன் மடியிலிருந்து ஒரு கைப்பிடி நெல்லை எடுத்துப் போட்டார். "உழுத மாடுல்லா, வெறுங்கையா அனுப்பலாமா" என்றார். அவர் ஆதிச்சநல்லூருக்குப் போனது கிடையாது.

ஒரு மழையும் ஒரு கோடையும் கழியட்டும் என்று காத்திருக்கிறேன். வருகிற ஆடியில் அங்கே தென்னை வைப்பேன். பெயர் ஏற்கெனவே முடிவாகிவிட்டது.